பட்டாளச் சின்னங்களும் பதக்கங்களும்

கலெக்டர் கச்சேரிக்குச் சென்று வந்த கிராமவாசிகள் டபேதாரைப் பார்த்திருப்பார்கள். வெள்ளை அங்கி, தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே செல்லும் சிவப்பு டவாலி, அதன் மேல் பளபளக்கும் பித்தளைப் பில்லை. ‘பில்லைச் சேவகன்’ என்ற பழம் பெயரே அந்தப் பில்லையினால் உண்டானது. அவர் வாய் திறவாமலே, யாருடைய ஏவலில் நிற்கிறார் என்பதை அது தெரிவித்துவிடுகிறது.

பட்டாளத்தில் இவ்வழக்கம் ஒரு தனிப் பாஷையாகவே வளர்ந்திருக்கிறது. சென்னையின் தென்பாகத்தில் அதை நேரில் காண ஏற்ற இடம் பரங்கிமலை. அங்கே 1963-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பயிற்சிப் பள்ளி, 1988 முதல் அதிகாரிகள் பயிற்சி அகாடெமி என வழங்கி வருகிறது. 1992 முதல் பெண்களும் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். பயிற்சி முடிந்து அணிவகுப்பு நிறைவேறியபின், ஒவ்வொருவருடைய தோளிலும் பெற்றோரே தங்கள் கையால் நக்ஷத்திரத்தைச் சூட்டுவது வழக்கம். தோளுக்கு இரண்டு நக்ஷத்திரமுடையவர் லெப்டினன்ட், மூன்றாகில் கேப்டன், நக்ஷத்திரமின்றி அசோகச் சிங்கமுத்திரை மாத்திரம் இருந்தால் மேஜர்.

இதில் கிராமத்தார் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சுபேதாருக்கும் தோளில் இரண்டு நக்ஷத்திரங்களே. ஆனால் அவற்றோடு பொன்னிறமும் சிவப்பும் கலந்த சிறு நாடாப்பட்டை ஒன்று சேர்ந்திருக்கும். அப்பட்டையைக் கவனியாதவர் சுபேதாரை லெப்டினன்ட் என்றும், சுபேதார் மேஜரை மேஜர் என்றும் எண்ணிவிடுவர். நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று என வளைந்த கோடுகள் கைச்சட்டையில் இருக்கும். இவை எளிதில் விளங்கும்.

சின்னம் உத்தியோகத்தைக் காட்டுவது. பதக்கமோ செய்த காரியத்தைக் காட்டுவது. இடது மார்பில் வரிசையாகக் காணப்படும் வர்ண நாடாக்கள் வெறும் அலங்காரமல்ல. அந்நாடாவை வாசிக்கத் தெரிந்தால் பதக்கத்தையே பார்க்க வேண்டியதில்லை. பச்சை நாடாவின் நடுவே காவிக் கோடு ஒன்று இருந்தால் அசோக சக்கரம், இரண்டாகில் கீர்த்தி சக்கரம், மூன்றாகில் சௌர்ய சக்கரம். இவை எதிரியின் முன்னிலையிலல்லாது பிற இடங்களில் காட்டிய வீரத்துக்கு உரியவை. யுத்தகளத்துக்குரியவற்றுள் பாதி வெண்மையும் பாதி காவியுமானது மகாவீர சக்கரம். பாதி கருநீலமும் பாதி காவியுமானது வீர சக்கரம். கோடின்றி முழுதும் ஊதாவாயின், அது பரமவீர சக்கரம்.

பரமவீர சக்கரமே எல்லாவற்றிலும் உயர்ந்தது. 1950 ஜனவரி 26-இல் அது ஏற்படுத்தப்பட்டது. அதன் உருவத்தை வகுத்தவர் சுவிட்ஜர்லாந்தில் பிறந்து, இந்திய அதிகாரி ஒருவரை மணந்து, நம் புராணங்களை ஆழ்ந்து கற்ற சாவித்ரி கானோல்கர் என்ற அம்மையார். ததீசி முனிவர் தம் முதுகெலும்பைத் தந்து இந்திரனுக்கு வச்சிராயுதம் ஆக்குவித்த கதை நம் கிராமங்களில் கேட்டறிந்ததே. அவ்வச்சிரம் நான்கு, நடுவில் சிங்கமுத்திரை. இவ்வளவே அதன் வடிவம். மூன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள அது பொன்னுமல்ல, வெள்ளியுமல்ல, வெறும் வெண்கலம். ஐக்கிய சங்கத்தில் நகைக் கடனுக்குக் கொண்டுவந்தால் மதிப்பீட்டாளர் உரைகல்லைக் கையில் எடுக்கவும் மாட்டார்.

பரங்கிமலையில் பயின்ற மேஜர் ராமசாமி பரமேசுவரன் 1987 நவம்பர் 25-இல் இலங்கையில், மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் தம் படையினரை நடத்தி உயிர் துறந்து, இவ்விருதைப் பெற்றார். அகாடெமியின் அணிவகுப்பு மைதானம் அவர் பெயரையே தாங்குகிறது. அதே இடத்தில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-இல் காஷ்மீரத்தில் வீழ்ந்தார். அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் இராணுவ மரியாதையுடன் அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. அவருக்குரிய அசோக சக்கரத்தை 2015 குடியரசு தினத்தன்று ஜனாதிபதியிடமிருந்து பெற்றுக்கொண்டவர் அவர் மனைவியே. கணவனுடைய பதக்கத்தை மனைவியோ, தந்தையுடையதை மகனோ நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் அணியலாம். ஆனால் வலது மார்பில் அணிய வேண்டும். இடது மார்பு பெற்றவருக்கே உரியது.

முந்திய யுத்தங்களில் கிடைத்த பதக்கங்கள் இன்னும் அநேக வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. 1914-ஆம் வருஷத்து மகாயுத்தத்தின் பொதுப் பதக்கம் வெள்ளியாலானது. வெள்ளி விலை ஏறியபோதெல்லாம் அதில் எத்தனையோ உருக்குமுகத்துக்குப் போயின. அதனால் அழிந்தது வெள்ளியின் விலை மாத்திரமன்று. அப்பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி, பெற்றவரின் எண், பதவி, பெயர், ரெஜிமெண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. பாட்டனார் எந்தப் படையில் ஊழியம் செய்தார் என்பதற்கு வேறொரு காகிதமும் இல்லாத குடும்பத்தில், அவ்விளிம்பே தஸ்தாவேஜு.

யுத்தத்தில் பங்கு கொண்டதற்கான பொதுப் பதக்கங்களுக்குப் பணப்படி கிடையாது. மேற்சொன்ன வீர விருதுகளுக்கு மாதந்தோறும் படியுண்டு. பெற்றவர் காலமானபின் அது விதவைக்குச் செல்லும். பதக்கம் தொலைந்தமையால் இவ்வுரிமை தொலைவதில்லை. எண்ணும் ரெஜிமெண்டும் தெரிந்தால் ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுச் செய்யலாம். மதராஸ் ரெஜிமெண்டின் பதிவேடுகள் வெல்லிங்டனிலும், மதராஸ் சாப்பர்ஸின் பதிவேடுகள் பெங்களூரிலும் இருக்கின்றன.

வீட்டுப் பெண்கள் பண்டிகைக்கு முன் பித்தளைச் சாமானோடு பதக்கத்தையும் புளியிட்டுத் துலக்குவதுண்டு. விளிம்பிலுள்ள எழுத்துக்கள் மெல்லியவை. நாலைந்து முறை தேய்த்தால் மழுங்கிவிடும். துலக்காமல், வெயிலில் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் காணும் எழுத்தையும் எண்ணையும் உள்ளபடியே ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளலாம்.