பசுமை வேறு, நலம் வேறு!

பசேலென்று இருக்கும் புல்தரை நலமாக இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். கோல்ஃப் மைதானங்களைப் பராமரிக்கும் வல்லுநர்கள் இதை ஏற்பதில்லை. புல்லின் நலத்தை அவர்கள் இலையின் நிறத்தில் அல்ல, வேரின் ஆழத்தில் பார்க்கிறார்கள். நான் கோல்ஃப் ஆடுபவன் அல்லன். ஆனால், அரிய வளங்களை எவ்வாறு பங்கிடுவது என்பதைக் கற்பித்த பொருளாதார ஆசிரியன் என்கிற முறையில், அந்தப் புல்தரை எனக்குச் சிறந்த பாடநூலாகத் தோன்றுகிறது.

வெப்பமான நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் விரிந்திருப்பது வேறொன்றுமன்று. நாம் பிள்ளையாருக்குச் சூட்டும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களுமே. அவற்றுள் புகழ்பெற்ற 'டிஃப்வே' ரகத்தை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கிளென் பர்ட்டன் 1960-இல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு 1965-இல் உருவானதும் அவர் அளித்த கம்பு வரிசையைக் கொண்டுதான்.

அருகம்புல் இயல்பிலேயே வறட்சியைத் தாங்குவது. ஆழமாக வேர்விட்டு, அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கும். அந்த வலிமையைக் குலைப்பது பெரும்பாலும் நமது மிகையான கவனிப்பே. குழியைச் சுற்றியுள்ள பரப்பில் புல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது. இலைதான் புல்லுக்கு உணவு சமைக்கும் இடம். இலை குறைந்தால் வேரும் குறையும். ஆகவேதான், ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கக் கூடாது என்கிறது பராமரிப்பு விதி.

தண்ணீரும் அப்படியே. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணின் நுண்துளைகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்தால் வேர் மூச்சுத் திணறும். பூஞ்சை நோய்கள் பெருகும். இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி பாய்ச்சினால்தான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். ஆட்களும் இயந்திரங்களும் மிதித்து இறுகிய மண்ணில், விரல் பருமனுள்ள மண் துண்டுகளைத் தோண்டியெடுத்து மணல் நிரப்புவதும் வேருக்குக் காற்றளிக்கவே.

பொருளாதாரத்தில் 'குறைந்து செல் விளைவு விதி' என்பதை விளக்க, வயலுக்கு இடும் உரத்தையே உதாரணம் காட்டுவோம். உரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கூடுதல் விளைச்சல் படிப்படியாகக் குறையும். புல்தரையில் இது இன்னும் ஒரு படி கீழே செல்கிறது. தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுக்கும், வேர் மெலியும், நோய் தாக்கும். அதைத் தடுக்கப் பூஞ்சைக்கொல்லி வாங்க வேண்டும். அதாவது, கூடுதல் செலவு நட்டத்தை விலைக்கு வாங்குகிறது.

இந்த நட்டம் மைதானத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். 40 ஹெக்டேர் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 20 லட்சம் லிட்டர். நம் நகரங்களில் ஒருவருக்கு 135 லிட்டர் என்கிற குடிநீர் அளவுகோலின்படி, இது ஏறத்தாழ 15,000 பேரின் ஒரு நாள் தேவை.

அப்படியிருந்தும் பசுமை மோகம் ஏன் குறையவில்லை? நுகர்வோரின் ரசனைதான் காரணம். ஆண்டுதோறும் ஏப்ரலில் தொலைக்காட்சியில் ஒளிரும் ஆகஸ்டா மைதானத்தைப் பார்த்து, மற்ற மைதானங்களும் அவ்வாறே இருக்க வேண்டும் என ஆட்டக்காரர்கள் கேட்கிறார்கள். ஆனால், அங்கே காண்பது அருகம்புல்லின் மேல் பருவத்துக்கென விதைக்கப்படும் குளிர்காலப் புல். கோடையில் அந்த மைதானம் மூடப்பட்டுவிடும் என்பது திரையில் தெரிவதில்லை.

மாற்று வழி உண்டு. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் 2010-2011-இல் ஏறத்தாழ 35 ஏக்கர் புல்தரை அகற்றப்பட்டு, மணலும் அந்த மண்ணுக்குரிய செடிகளும் மீட்கப்பட்டன. நீர்த் தெளிப்பான்கள் சுமார் 1,150-லிருந்து 450-ஆகக் குறைந்தன. 2014-இல் அமெரிக்க ஓபன் போட்டிகள் ஆடவருக்கும் மகளிருக்கும் அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பழுப்பு நிற மைதானத்திலேயே நடைபெற்றன.

பாலைவன நகரான லாஸ் வேகாஸ் பகுதியிலோ கட்டுப்பாடு சட்டத்தின் வழி வந்தது. கோல்ஃப் மைதானங்களுக்கான ஆண்டு நீர் ஒதுக்கீடு, நிலப்பரப்பின் மீது தேக்கினால் 6.3 அடி உயரம் நிற்கும் அளவிலிருந்து 4 அடியாக 2024 முதல் குறைக்கப்பட்டது. தனிமனித ரசனை பொதுவளத்தை விழுங்கும்போது, விலையும் வரம்பும் விதிப்பது அரசின் கடமை.

கோல்ஃப் மைதானம், நகரப் பூங்கா, கல்லூரி வளாகம் எதுவாயினும், நன்னீரைப் புல்லுக்கு ஊற்ற உரிமை கோருவோரிடம் சில கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். எவ்வளவு நீர்? சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரா, நிலத்தடி நீரா? அதற்கு என்ன விலை தருகிறீர்கள்? இவற்றை அளந்து பொதுவெளியில் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கோடையில் புல் சற்றே பழுப்பாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள நாமும் பழக வேண்டும். வேர் நலமாக இருந்தால், முதல் மழைக்கு அது தானாகவே துளிர்க்கும்.