கழிப்பறைக் கோப்பை பொருத்துதல்

கழிப்பறைக் கோப்பை பொருத்துதல் என்பது, ஓடு (டைல்ஸ்) பதித்து முடிக்கப்பட்ட தரையின் மீது பீங்கான் கழிப்பறைக் கோப்பையை நிறுத்தி, அதனைக் கழிவுநீர்க் குழாயுடனும் நீர்த்தொட்டியுடனும் இணைக்கும் பணியாகும். அமர்ந்து பயன்படுத்தும் இக்கோப்பை தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் வெஸ்டர்ன் டாய்லெட் எனப்படுகிறது. இணைப்பு சரியாக அமையாவிடின் கழிவுநீர் ஓடுகளுக்கு அடியில் பரவி, கீழ்த்தளத்தின் கூரையில் கசியக்கூடும்.

நீரடைப்பு

கோப்பையின் உள்ளே வளைந்த குழாய் ஒன்று உள்ளது. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், சாக்கடை வளி அறைக்குள் வராமல் தடுக்கிறது. 1775 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இத்தகைய வளைவு கொண்ட கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். கோப்பைக்கும் தரைக்குழாய்க்கும் இடையிலான இணைப்பு இந்த நீரடைப்பைக் கடந்த பிறகே வருகிறது. எனவே, அவ்விணைப்பில் இடைவெளி இருந்தால் நீரடைப்பு இருந்தும் பயனில்லை. வளி பக்கவாட்டில் வெளியேறிவிடும்.

அளவெடுத்தல்

கழிவு தரைவழியாக வெளியேறும் கோப்பை எஸ் வகை எனவும், சுவர்வழியாக வெளியேறும் கோப்பை பி வகை எனவும் அழைக்கப்படுகின்றன. எஸ் வகையில், சுவரிலிருந்து தரைக்குழாயின் மையம் வரை உள்ள தொலைவு முதன்மையானது. வட அமெரிக்காவில் இது பெரும்பாலும் 12 அங்குலம் ஆகும். இந்தியாவில் 9 அங்குலம், 12 அங்குலம் ஆகிய அளவுகள் காணப்படுகின்றன. இத்தொலைவை ஓடு பதித்த சுவரிலிருந்தே அளக்க வேண்டும். வெறும் சுவரிலிருந்து அளந்தால், ஓடும் அதன் அடிச்சாந்தும் எடுத்துக்கொள்ளும் இடம் குறைந்து, தொட்டி சுவரில் இடிக்கும்.

துளையிடுதல்

கோப்பையை வைத்துப் பார்த்து, திருகாணிகளுக்கான இடங்கள் தரையில் குறிக்கப்படுகின்றன. வழுவழுப்பான ஓட்டில் துளைமுனை வழுக்காதிருக்க, குறியின் மேல் ஒட்டுநாடா ஒட்டுவர். ஓட்டைத் துளைத்து முடிக்கும் வரை துளைக்கருவியின் சுத்தியல் இயக்கத்தைப் பயன்படுத்தலாகாது; பயன்படுத்தினால் ஓடு விரிசல் விடும். செருகுகட்டை ஓட்டின் மட்டத்திற்குக் கீழே, காங்கிரீட்டில் அமர வேண்டும். திருகும்போது அது விரிந்து ஓட்டை உடைக்காதிருக்க இது உதவும்.

இணைத்தலும் நிறுத்துதலும்

வட அமெரிக்காவில் தரைக்குழாயின் விளிம்பு வளையத்தின் மீது மெழுகு வளையம் வைத்து, அதன்மேல் கோப்பையை அழுத்துவர். மெழுகு நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கிய வளையத்தை மீண்டும் பயன்படுத்த முடியாது. பிற இடங்களில் ரப்பர் விளிம்புள்ள இணைப்புக் குழாய்கள் பயன்படுகின்றன.

ரசமட்டம் கொண்டு மட்டம் சரிபார்த்த பின், திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறுக்கினால் பீங்கான் உடையும். தரை மேடுபள்ளமாக இருந்தால் மெல்லிய ஆப்புகள் வைக்கப்படுகின்றன.

சோதனையும் அடைப்பும்

பலமுறை நீர் விட்டு, கசிவு இல்லை என உறுதி செய்த பின்னரே அடிவிளிம்பு அடைக்கப்படுகிறது. இதற்கு வெள்ளைச் சிமெண்டு அல்லது சிலிக்கோன் பசை பயன்படுகிறது. சிமெண்டு இறுகிவிடுவதால், பின்னாளில் கோப்பையைக் கழற்றும்போது ஓடுகளும் உடையக்கூடும். சிலிக்கோனைக் கத்தியால் அறுத்து எடுக்கலாம். பின்புறம் சிறிது இடம் அடைக்காமல் விடுவதும் உண்டு. அடியில் கசிவு ஏற்பட்டால் அவ்வழியே நீர் வெளியே தெரியும்.

இவற்றையும் பார்க்க

கழிப்பறை
கழிவுநீர்த் தொட்டி
பீங்கான்