குமிழி நின்னா பீர் ரெடியா? பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு நிமிஷம்!

ராத்திரி ரெண்டு மணிக்கு சமையலறையில் 'டமார்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அலமாரிக்குள் மூன்று பாட்டில்கள் சுக்குநூறு. சுவரெல்லாம் பீர். லண்டனில் வேலை பார்க்கும் என் காலேஜ் ஃப்ரெண்ட் போனில் புலம்பிய கதை இது.

(முதலில் ஒன்று... தமிழ்நாட்டில் வீட்டில் பீர் தயாரிப்பது சட்டப்படி குற்றம். பிரிட்டனில் 1963-லேயே அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். சொந்தமாகக் குடிக்கலாம், விற்கத்தான் கூடாது. அங்கே இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.)

நண்பன் என்ன தப்பு செய்தான்? ஏர்லாக்கில் குமிழி வருவது நின்றது. 'சரி, முடிஞ்சிடுச்சு' என்று பாட்டிலில் அடைத்துவிட்டான். ஆனால், குமிழியை நம்பவே கூடாது. மூடி லேசாக லீக் ஆனாலும் குமிழி நின்றுவிடும். எல்லாம் முடிந்த பிறகும், அறை சூடானால் நாலு குமிழி வரும்.

நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை நிறைந்த மால்ட் கரைசலில் தொடக்கத்தில் 1.048 காட்டினால், ஈஸ்ட் சாப்பிட்டு முடித்ததும் 1.010 பக்கம் இறங்கும். ரெண்டு, மூணு நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் அப்படியே இருந்தால்தான் பாட்டில் பக்கம் போகலாம். டெஸ்ட்டுக்கு எடுத்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள், கிருமி போய்விடும். ருசி பார்த்துவிடுங்கள்!

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். நண்பன் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்திருந்தாலும் ஏமாந்திருக்கலாம். ஏன்? அது நவம்பர் மாதம். ராத்திரி ஹீட்டரை அணைத்துவிடுவானாம். மே மாதத்தில் பொங்கி வழியும் தோசை மாவு, டிசம்பரில் அசையாமல் கிடக்குமே... ஈஸ்ட்டும் அதே கதைதான். குளிரில் வேலையைப் பாதியில் விட்டுத் தூங்கிவிடும். 1.014-லேயே நிற்கும். மூணு நாள் கழித்துப் பார்த்தாலும் 1.014-தான்! பிறகு பாட்டில் சூடான அலமாரிக்குப் போனதும் முழித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு 0.001-க்கும், பீரின் கொள்ளளவில் சுமார் பாதி அளவு வாயு கிளம்பும். நாலு புள்ளி மிச்சம் என்றால், பாட்டிலுக்குள் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வாயு.

அதனால், எண் மாறாமல் இருப்பது மட்டும் போதாது; 20 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் மாறாமல் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பாத்திரத்தை மெதுவாக ஆட்டிவிட்டு, ரெண்டு நாள் கதகதப்பான இடத்தில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். பீரில் வெண்ணெய் வாசனை அடித்தால், அதுவும் இந்த நாட்களில் குறையும்.

தொடக்கத்திலோ பிரச்னை நேர் எதிர். முதல் மூணு நாள் ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும். அறை 20 என்றால் உள்ளே 23, 24 கூட இருக்கலாம். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல் பாத்திரத்தோடு ஒட்டி வையுங்கள். ஏல் வகைக்கு 18 முதல் 20 நல்லது. ரொம்பச் சூடானால் தின்னர் மாதிரி காட்டமடிக்கும். பிறகு குளிரவைத்தாலும் அது போகாது. டப்பில் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை அதில் வைத்து, ஈர டி-ஷர்ட்டைச் சுற்றி ஃபேன் போட்டால் சில டிகிரி இறங்கும். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றும் அதே டெக்னிக்!

பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். தினமும் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி ஆகிவிட்டால், கண்ணாடி பாட்டில் ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். நுரை சரியாக இருந்தால், மற்றதையும் ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிடலாம்.