பருவ மாற்றமா, குளிசை குறைந்ததன் விளைவா?

45 வயதைக் கடந்த பெண்ணொருத்தி நள்ளிரவில் வியர்வையில் நனைந்து விழித்தெழுகிறாள். நெஞ்சு படபடக்கிறது, காரணமற்ற அச்சம் உள்ளத்தைக் கவ்வுகிறது, மீண்டும் நித்திரை வருவதில்லை. மாதவிடாய் நிற்குங் காலம் நெருங்கிவிட்டது என்று வீட்டிலுள்ளோர் ஆறுதல் கூறுவர். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், பல ஆண்டுகளாக உட்கொண்டு வந்த அமைதிக் குளிசையை அவள் அண்மையில் குறைத்திருப்பாளாயின், அதே துன்பங்கள் அதனாலும் தோன்றக்கூடும். இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிதல் எங்ஙனம்?

அமைதிக் குளிசைகள் என இங்கே கூறப்படுபவை பென்சோடயசபீன் என்னும் மருந்தினத்தைச் சேர்ந்தவை. 1960ஆம் ஆண்டில் லிப்ரியமும் 1963ஆம் ஆண்டில் வேலியமும் விற்பனைக்கு வந்தன. பதற்றத்துக்கும் நித்திரையின்மைக்கும் இவை மேலைநாடுகளில் தாராளமாக வழங்கப்பட்டன. ஆண்களிலும் பார்க்கப் பெண்களே இவற்றை மிகுதியாக உட்கொண்டனர். சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டாலே உடல் இவற்றுக்குப் பழகிவிடக்கூடும் என்பது பின்னரே நன்கு தெளிவாயிற்று. 1988இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்கு மேற் கொடுத்தலாகாது என அறிவுறுத்தியது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், இம்மருந்துகளை விட விரும்பியோருக்கெனப் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தினார். அங்கு வந்தோரிற் பலர் மருந்தை மிகையாக விழுங்கியவர்களல்லர். வைத்தியர் எழுதிக்கொடுத்த அளவிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்கள்.

வெவ்வேறு காரணங்களால் வரும் இரு துன்பங்கள் இத்துணை ஒத்திருப்பதேன்? மூளையிலே காபா என்னும் ஒரு பொருள் உண்டு. நரம்புகளின் மிகைக் கிளர்ச்சியை அடக்குவது அதன் தொழில். அமைதிக் குளிசை அப்பொருளின் வலுவைக் கூட்டுகிறது. நெடுங்காலம் இவ்வுதவி கிடைக்குமாயின், மூளை தன் இயல்பான அடக்குந் திறனைத் தளரவிடுகிறது. குளிசை திடீரெனக் குறைந்ததும் நரம்புகள் கடிவாளமற்ற குதிரைகள் போலாகின்றன. பெண்ணின் சூலகத்திற் சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோனிலிருந்து உடலில் உண்டாகும் பொருளொன்றும் அதே காபா வழியாகவே அமைதியூட்டுகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் ஓமோன்கள் ஒழுங்கின்றி ஏறியிறங்க, அந்த அமைதியும் நிலைகுலைகிறது. ஆகவே, நித்திரையின்மை, அச்சம், படபடப்பு, வியர்வை, எரிச்சல், மறதி ஆகியன இரண்டுக்கும் பொது. இவற்றைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலாது.

பொதுவல்லாத அடையாளங்களும் உள. மாதவிடாய் முன்பின்னாக வருதல், சில மாதம் தவறுதல், குருதிப்போக்கு கூடுதல் அல்லது குறைதல், மார்பிலும் முகத்திலும் திடீரென வெப்பம் பரவிச் சில நிமிடங்களில் தணிதல், பிறப்புறுப்பு வறளுதல் ஆகியன பருவ மாற்றத்தைச் சுட்டுவன. ஒளியையும் ஓசையையும் தாங்க மாட்டாமை, காதிரைச்சல், தசைத் துடிப்பு, தோலில் எரிவு அல்லது ஊசி குத்துவது போன்ற உணர்வு, சுற்றியுள்ள உலகம் மெய்யற்றதாகத் தோன்றுதல் ஆகியன பெரும்பாலும் மருந்து குறைந்ததைச் சுட்டுவன. இவற்றுட் சில பருவ மாற்றத்திலும் சிலருக்குத் தோன்றலாம். வலிப்பும் மனக்குழப்பமும் பருவ மாற்றத்தால் வருவனவல்ல. அவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இரத்தப் பரிசோதனை இவ்வையத்தைத் தீர்க்குமென எண்ணுதல் பொருந்தாது. பருவ மாற்றக் காலத்தில் ஓமோன் அளவு நாளுக்கு நாள் மாறுவதால், 45 வயதைக் கடந்தோரிடத்து அப்பரிசோதனை பெரும் பயன் தருவதில்லை. மருந்துக் குறைவால் வரும் துன்பத்தை அறியவோ பரிசோதனையே இல்லை. எனவே, நாட்குறிப்பே இங்கு நல்ல சாட்சி. மாதவிடாய் வந்த நாள், குளிசையின் அளவும் நேரமும், அளவு மாறிய நாள், துன்பம் தோன்றிய நாள் ஆகியவற்றை இரண்டு மூன்று மாதங்கள் குறித்துவந்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். லொராசெபாம் போன்ற விரைவில் நீங்கும் மருந்தாயின், குறைத்த ஓரிரு நாளில் துன்பம் தலைகாட்டும்; டயசெபாம் போன்ற மெல்ல நீங்கும் மருந்தாயின், ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒவ்வொரு குறைப்பின் பின்னும் துன்பம் ஏறிப் பின் மெல்ல இறங்குமாயின், மருந்தையே ஐயுறல் வேண்டும். மருந்து மாறாதிருக்கவும் மாதவிடாயையொட்டித் துன்பம் ஏறியிறங்குமாயின், பருவ மாற்றத்தை எண்ணுதல் தகும். குளிசையை விழுங்கியதும் அச்சம் தணிவது ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. எக்காரணத்தால் வந்த அச்சத்தையும் அக்குளிசை சிறிது தணிக்கும்.

இரண்டும் ஒருங்கே வருதலும் உண்டு. அத்தகையோர் அச்சங்கொண்டு குளிசையை ஒரேயடியாக நிறுத்துவதே பேராபத்து. அதனால் வலிப்பு நேர்ந்து உயிரும் போதல் கூடும். 2025ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய சங்கங்கள் சில கூடி வெளியிட்ட வழிகாட்டி, தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, 5 முதல் 10 வீதம் மட்டுமே குறைக்கலாம் என்கிறது. துன்பம் மிகுந்தால் அவ்வளவில் சிறிது காலம் தரித்து நிற்பதும் முறையே. பருவ மாற்றத் துன்பத்துக்கோ, உடல்நிலைக்குப் பொருந்துமாயின், ஓமோன் சிகிச்சை உண்டு. அதனை அறியாது குளிசையின் அளவைக் கூட்டுவது நோய்க்கு மருந்தாகாது.

தைரொயிட் கோளாறும் குருதிச்சோகையும் இதே வேடம் பூண்டு வருவதுண்டாதலால் அவற்றையும் சோதித்தல் வேண்டும். ஓராண்டு முழுவதும் மாதவிடாய் நின்றபின் மீண்டும் குருதி கண்டால், அதனைப் பருவத்தின் மேற் போட்டுவிடாது காலந்தாழ்த்தாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஒரு பெண் நாட்குறிப்போடு வந்து தான் உட்கொள்ளும் குளிசை முழுவதையும் மறையாது கூறுவாளாயின், வைத்தியரின் வேலையிற் பாதி முடிந்துவிடும்.