மீண்டும் மீண்டும் வரும் வயிற்றுப் புண்



வயிற்றுப் புண்ணை நம் முன்னோர் குன்மம் என்றனர். பசித்த வேளையிலும் நள்ளிரவிலும் மேல்வயிறு எரியும். உண்டாற் சற்றுத் தணியும். பின்னர் மீண்டும் மூளும். "கோபத்தைக் குறையுங்கள், காரத்தைத் தள்ளுங்கள், கவலையை விடுங்கள்" என்பதே நெடுங்காலம் நோயாளி கேட்ட அறிவுரை. அமிலம் தணிக்கும் மருந்தை உண்ணும்வரை புண் ஆறியிருக்கும். நிறுத்தினாலோ, ஓராண்டுக்குள் மிகப் பலருக்குத் திரும்பிவரும். இது நோயாளியின் குற்றமென்றே பலரும் எண்ணினர். உண்மை அதுவன்று.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே, ரொபின் வாறன் என்னும் நோயியல் அறிஞர் 1979ஆம் ஆண்டில் இரைப்பை இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, வளைந்த கிருமிகளைக் கண்டார். இரைப்பையின் கடும் அமிலத்தில் எக்கிருமியும் நிலைத்து வாழாது என்பது அக்கால நம்பிக்கை. 1981இல் பரி மார்சல் என்னும் இளம் வைத்தியர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்தெடுக்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் எறியப்படும் வளர்ப்புத் தட்டுகள் கூடுதல் நாள்கள் கிடந்துவிட்டன. அவற்றிலே கிருமி வளர்ந்திருந்தது! 1984இல் மார்சல் அக்கிருமிக் கரைசலைத் தாமே பருகினார். சில நாளிற் குமட்டலும் வாந்தியும் கண்டன. இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்றது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிக்கோபற்றர் பைலோரி என்னும் இக்கிருமி யூரியாவைச் சிதைத்து அமோனியாவை ஆக்கி, தன்னைச் சூழ்ந்த அமிலத்தின் கடுமையைத் தணித்துக்கொள்ளும். இரைப்பையின் சளிப்படலத்துள் மறைந்து வாழும்.

ஒரே மருந்தால் இதனை அழிக்க முடியாதா? அரிது. படலத்துள் மருந்து எளிதிற் சென்று சேர்வதில்லை. அமிலத்திற் சில மருந்துகளின் வலிமை குன்றும். ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமிகள் அதற்கு அடங்காத சந்ததியைப் பெருக்கும். ஆகவே கூட்டு மருந்து வேண்டும். ஒமெப்பிரசோல் போன்றது அமிலச் சுரப்பை அடக்கும். அமொக்சிசிலின் கிருமியின் சுவரைத் தகர்க்கும். கிளாரித்ரோமைசின் அதன் புரத ஆக்கத்தைத் தடுக்கும். இன்று பல நாடுகளிற் கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. ஆதலால் பிஸ்மத்து, தெற்றாசைக்கிளின், மெற்றோனிடசோல் ஆகியவற்றோடு அமிலமடக்கியையும் சேர்த்து, நான்கு மருந்தாக 14 நாள் கொடுக்கும் முறை பெரிதும் விரும்பப்படுகிறது.

இங்கேதான் நோயாளியின் பங்கு தொடங்குகிறது. நான்கைந்து நாளிலே எரிவு தணியலாம். வாய் கசக்கும், பிஸ்மத்தினால் மலம் கறுக்கும். இவற்றைக் கண்டு மருந்தை இடையில் நிறுத்துவோர் உளர். எஞ்சிய கிருமியோ முன்னிலும் வலிதாக எழும். அடுத்த முறை அதே மருந்து பயன்படாது போகலாம். தாங்க முடியாத தொல்லை நேரின், வைத்தியரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும். மருந்து முடிந்து 4 வாரமேனும் சென்றபின், மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ கிருமி ஒழிந்ததை உறுதிசெய்தல் நன்று.

எல்லாப் புண்ணும் கிருமியால் வருவனவல்ல. அஸ்பிரினும் வேறு சில வலிநிவாரணிகளும் புண்ணை உண்டாக்கும். பிஸ்மத்து உண்ணாத ஒருவருக்கு மலம் தார்போற் கறுத்தாலும், எவருக்கேனும் இரத்த வாந்தி கண்டாலும், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பல்லாண்டு வருத்திய நோய் இரு வார மருந்திலே தீரக்கூடும். அந்த இரு வாரத்தையும் முழுமையாக நிறைவேற்றுவதே நம் கடன்.