குழந்தையின் மருத்துவமும் தந்தையின் கையொப்பமும்

அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டிலுள்ள தம் மனைவியை அழைத்துக்கொள்ளும்போது, 'ஐ-864' என்ற ஆதரவுப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறார். மனைவி குறிப்பிட்ட சில அரசு உதவிகளைப் பெற்றால், அத்தொகையை அரசு அவரிடம் திரும்பக் கேட்கலாம். மணமுறிவு கூட இக்கடமையை நீக்காது. (கையொப்பமிடும் முன்பே இதை அறிந்திருப்பது நல்லது!)

இதற்கு அஞ்சியே சிலர், குடியுரிமையுள்ள தம் குழந்தைக்கும் 'மெடிக்கெய்ட்' மருத்துவ உதவி கேட்கத் தயங்குகின்றனர். இது வீண் அச்சம். பத்திரம் மனைவிக்கு மட்டுமே. குழந்தையின் செலவை அதன்பேரில் யாரும் கேட்க முடியாது.

தாயின் கிரீன் கார்டு விண்ணப்பம் வேறு கேள்வி. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, குடும்பத்தினர் பெறும் உதவியை விண்ணப்பதாரர் கணக்கில் சேர்க்கவில்லை. அவ்விதியை நீக்க 2025 நவம்பரில் அரசு முன்மொழிந்தது. எனவே விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள், குழந்தையின் சிகிச்சையை நிறுத்துமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.