தெருவெல்லாம் திரையில் – 9: கார் விட்ட தடயம்

தெருக்காட்சிப் படத்தில் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். முன்னே சாலை, பின்னே சாலை, இருபுறமும் கடைகள், அண்ணாந்தால் மின்கம்பியும் வானமும். பார்க்க முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான்: காலடி. பார்வையை நேர்கீழே இறக்கினால் தார்ச்சாலை கலங்கி மங்கலாகிவிடும். கேமராவைச் சுமந்து வந்த கார் இருந்த இடம் அது. பல நாடுகளின் படங்களில் அந்த மங்கல் காரை முழுதாக விழுங்கிவிடுகிறது. சில நாடுகளில் அரைகுறையாகத்தான் விழுங்குகிறது. கூரைக் கம்பியோ பக்கக் கண்ணாடியோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மிச்சத்தை வைத்தே நாட்டைச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூகுள் ஸ்ட்ரீட் வியூ காரின் கூரைமேல் ஒரு கம்பம் இருக்கும். அதன் உச்சியில் பல திசைகளைப் பார்க்கும் கேமராக்கள். சில மீட்டருக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து படம் எடுக்கும். படங்களின் ஓரங்களைப் பொருத்தி ஒட்டினால் சுற்றுக்காட்சி முழுதும் கிடைத்துவிடும். கார் எங்கே நின்றது என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது தடுமாறும்போது, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்ற கணக்கு கைகொடுக்கும். ஒட்டு எப்போதும் சுத்தமாக விழுவதில்லை. கேமராக்கள் எல்லாம் ஒரே புள்ளியில் இல்லை. ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இருக்கின்றன. அதனால் பக்கத்தில் இருக்கும் பொருள் ஒவ்வொரு கேமராவுக்கும் கொஞ்சம் இடம் மாறித் தெரியும். மின்கம்பம் நடுவில் முறிந்ததுபோல் நிற்பதும், சைக்கிள்காரரின் முன்சக்கரம் காணாமல் போவதும் இதனால்தான்.

  இந்த வாரம் தெருப்படச் சட்டங்கள் என்று அறிவித்திருந்தது. சட்டமும் வரும். அதற்கு முன் காரை முடித்துவிட வேண்டியிருக்கிறது.

காரின் தடயத்தை அழிக்கும் பாடு கூகுளுக்கும் மூத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1978-ல் கொலராடோ மாநிலத்து மலைநகரான ஆஸ்பெனைத் தெருத்தெருவாகப் படம்பிடித்தார்கள். ஆண்ட்ரூ லிப்மன் தலைமையில் நடந்த இந்த வேலைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா. காரின் கூரையில் திசைக்கு ஒன்றாக நான்கு 16 மி.மீ. கேமராக்கள். காருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சக்கரம் இழுபட்டுக்கொண்டே வந்தது. அது 10 அடி உருண்டதும் நான்கு கேமராக்களும் ஒருசேரப் படம் எடுக்கும். நொடிக் கணக்கில் எடுத்திருந்தால் கார் வேகமெடுக்கும் இடத்தில் படங்கள் அகன்றுவிடும். சந்திப்பில் நின்றால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப விழும். அடிக் கணக்கில் எடுக்கும்போது இரண்டு தொல்லையும் இல்லை. பாதுகாப்புத் துறை ஆராய்ச்சியில் நாயகனாக ஒரு சைக்கிள் சக்கரம் உட்கார்ந்திருப்பது பார்க்கவே அழகு.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்தார்கள். படப்பிடிப்பு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் மட்டுமே. சூரியன் உச்சியை ஒட்டி இருக்கும் அந்த நேரத்தில் நிழல்கள் குறுகியிருக்கும். ஒரு தெருவில் காலை வெயில், முனை திரும்பினால் மாலை வெயில் என்று கண்ணை உறுத்தாது. கார் தெருவின் நட்டநடுவில் ஓட வேண்டும் என்பதும் விதி. எடுத்ததையெல்லாம் லேசர் டிஸ்கில் ஏற்றி, தொடுதிரையில் விரல் வைத்து நகருக்குள் ‘ஓட்டி’ப் பார்க்க வழி செய்தார்கள். இலையுதிர்காலத்தில் ஒருமுறை, பனிக்காலத்தில் ஒருமுறை என இரண்டு முறை எடுத்திருந்ததால், ஒரே தெருவில் நின்றபடி பருவத்தை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. இன்றைய ஸ்ட்ரீட் வியூவில் பருவம் தானாகவே மாறும், கேட்காமலேயே: ஒரு முனை திரும்பினால் மழைக்காலம் கோடையாகும், இடிந்துபோன கட்டடம் எழுந்து நிற்கும். இரண்டு தெருக்களையும் வேறு வேறு ஆண்டில் எடுத்திருப்பார்கள்.

ஸ்ட்ரீட் வியூ 2007 மே 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க், லாஸ் வேகாஸ், மயாமி, டென்வர் ஆகிய ஐந்து நகரங்களோடு வெளியானது. 2019-ல் கூகுள் சொன்ன கணக்கு 1 கோடி மைல். அத்தனை தூரத்தைப் 10-க்கும் 2-க்கும் இடையில் ஓட்டி முடிப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் காலை, மாலைப் படங்களில் காரின் நிழல் சாலையோரத்தில் நீண்டு விழுகிறது. கூரை, கம்பம், உச்சியில் கேமரா என எல்லாம் அந்த நிழலில் தெரியும்.

இந்தத் தடயங்களை முதலில் ஊன்றிப் பார்த்தவர்கள் விளையாட்டுக்காரர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆன்டன் வாலேன் 2013 மே மாதம் ஜியோகெஸ்ஸர் என்ற ஆட்டத்தை வெளியிட்டார். உலகின் ஏதோ ஒரு சாலையில் ஆட்டம் உங்களை இறக்கிவிடும். ஊர், நாடு எதுவும் சொல்லாது. சுற்றுமுற்றும் பார்த்து வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்க வேண்டும். எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு புள்ளி. ஒரு சுற்றுக்கு உச்சம் 5,000. தொடக்க நிலையில் எல்லோரும் பார்ப்பது பலகைகளின் எழுத்தை, வண்டிகள் ஓடும் பக்கத்தை, மண்ணின் நிறத்தை. நண்பகல் சூரியன் வடக்கே நின்றால் பெரும்பாலும் தென்கோளம். இதெல்லாம் நிலம் கொடுக்கும் துப்பு.

கென்யாவும் உகாண்டாவும் இந்தத் துப்புகளைக் குழப்பிவிடும். இரண்டும் அண்டை நாடுகள். இரண்டிலும் வண்டி இடப்பக்கம் ஓடும், பலகைகளில் ஆங்கிலம் இருக்கும், சாலையோரம் செம்மண் கிடக்கும். இங்கேதான் கார் காட்டிக்கொடுக்கிறது. கென்யாவின் பெரும்பாலான படங்களில் பார்வையைத் தாழ்த்தினால் காரின் முன்பக்கத்தில் கறுப்புக் குழாய் ஒன்று மேல்நோக்கி நிற்கும். அதன் பெயர் ஸ்நார்க்கல். எரிபொருள் எரிய என்ஜினுக்குக் காற்று வேண்டும். சாதாரண காரில் அந்தக் காற்றை இழுக்கும் வாய் பானட்டுக்குள்ளேயே இருக்கும். ஆற்றையோ வெள்ளத்தையோ கடக்கும்போது அந்த வாய்க்குள் தண்ணீர் போனால் சிலிண்டரில் பிஸ்டன் முட்டிக்கொள்ளும். தண்ணீரைக் காற்றுபோல் அமுக்க முடியாது. இணைப்புத் தண்டு வளைந்து என்ஜினே போய்விடும். அதற்காகக் காட்டுப்பாதை வண்டிகளில் அந்த வாயைக் குழாய் வைத்துக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். கூடுதல் லாபம், முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதியும் குறைவாகவே உள்ளே போகும். என்ஜினைக் காப்பாற்ற வைத்த குழாய், லட்சக்கணக்கான ஆட்டக்காரர்களுக்குக் கென்யாவின் அடையாளமாகிவிட்டது. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் இரண்டாம் பட்சம்.

கானாவின் அடையாளம் இன்னும் எளியது. கார் கூரையின் கம்பியில் சுற்றிய ஒரு துண்டுக் கறுப்பு டேப். ஏதோ ஒரு தேவைக்கு யாரோ சுற்றியிருக்கிறார்கள். அந்தக் கார் நாடு முழுவதும் ஓடியிருக்கிறது. இன்று டேப்பைக் கண்ட நொடியில் ஆட்டக்காரர் கானாவில் குத்திவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறார். மங்கோலியாவின் படங்களில் கூரைமேல் முகாம் மூட்டை முடிச்சுகள் தெரியும். 15 லட்சம் சதுர கி.மீ.க்கும் மேல் பரந்த நாடு, மக்கள் தொகையோ சென்னை மாநகரத்தினதைவிடக் குறைவு என்பதை நினைத்தால் மூட்டையின் தேவை புரியும். நைஜீரியாவின் பல சாலைகளில் பின்னால் திரும்பினால் ஒரு காவல் வண்டி விடாமல் தொடர்ந்து வரும்.

இப்படி ஊகிப்பது ஏமாற்று என்று ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். நிலத்தைப் படிக்காமல் டேப்பைப் படிப்பது என்ன அறிவு என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயம்தான், ஆனால் மங்கோலிய மூட்டையும் நைஜீரியக் காவல் வண்டியும் அந்த நாட்டுச் சாலைகளைப் பற்றிச் சொல்வது, பல பெயர்ப்பலகைகள் சொல்வதைவிட அதிகம். இந்தத் துப்புகளுக்கு ஆயுள் குறைவு என்பதும் உண்மை. புதிய கார் ஒருமுறை ஓடிவிட்டால் பழைய துப்பு செல்லாக்காசு.

கார் போகாத இடங்களில் சுமப்பவர் மாறுகிறார். சந்துகளுக்கு மூன்று சக்கர சைக்கிள், மலைப்பாதைக்கு முதுகில் மாட்டும் ட்ரெக்கர், அருங்காட்சியகத்துக்குத் தள்ளுவண்டி. 2014-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் லிவா பாலைவனத்தில் ட்ரெக்கரை ஒட்டகத்தின் மேல் கட்டி அனுப்பினார்கள். மணலில் ஒட்டகத்தின் நிழலும் படத்தில் விழுந்திருக்கிறது.

தள்ளுவண்டிக்கு நிழலைவிடப் பெரிய வினை நிலைக்கண்ணாடி. மாளிகைகளின் கூடங்களில் ஆளுயரக் கண்ணாடிகள் இருக்கும்; சுற்றிலும் பார்க்கும் கேமரா தன்னையும் பார்த்துவிடும். ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் மரியோ சான்டமரியா இப்படிக் கண்ணாடியில் அகப்பட்ட கேமராக்களை மட்டும் தேடித் தொகுத்தார். சிலவற்றில் தள்ளுவண்டி வெள்ளி நிறத் துணி போர்த்தி நிற்கிறது. சிலவற்றில் தள்ளும் ஆளும் தெரிகிறார். அவர் முகத்தை மென்பொருளே மங்கலாக்கி வைத்திருக்கிறது. அந்த மென்பொருளுக்கு முகம் என்றால் முகம்தான், யாருடையது என்ற பேதம் கிடையாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆற்றோரம் மேய்ந்த ஒரு பசுவின் முகத்தையும் அது மங்கலாக்கியது 2016-ல் செய்தியானது.

அதே 2016-ல் ஆடும் வந்தது. டென்மார்க்கின் கீழ்த் தன்னாட்சி பெற்ற பேரோ தீவுகளில் மனிதர்கள் சுமார் 50,000. ஆடுகள் அதைவிட அதிகம். ஸ்ட்ரீட் வியூ கார் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. சுற்றுலா அமைப்பில் பணிபுரிந்த துரிதா தால் ஆண்ட்ரியாசன், ஆட்டின் முதுகில் வார்கட்டி 360 பாகைக் கேமராவும் சூரியத் தகடும் வைத்து மேயவிட்டார். ஆடு போன இடமெல்லாம் படம். அவற்றை அவரே ஸ்ட்ரீட் வியூவில் ஏற்றினார். ஆட்டுக்குச் சாலை ஒரு பொருட்டில்லை. அது புல்லைப் பார்த்துப் போகும். அதனால் கிடைத்தவை, எந்தக் காரும் எடுத்திருக்க முடியாத சரிவுகளின் படங்கள். ஓரத்தில் கம்பளி மயிரும் தலையும் தெரியும். செய்தி உலகம் சுற்றிய பிறகு கூகுள் கேமராக்களை அனுப்பியது. தீவுக்காரர்களும் சுற்றுலாப் பயணிகளும் அவற்றை வாங்கிக்கொண்டு மிச்சச் சாலைகளை எடுத்தார்கள்.

சட்டத்துக்கு இப்போதுதான் இடம் கிடைக்கிறது. ஸ்ட்ரீட் வியூ ஜப்பானுக்கு 2008 ஆகஸ்டில் வந்தது. அங்கே குடியிருப்புத் தெருக்கள் குறுகலானவை. வீட்டுச் சுற்றுச்சுவர் தெருவை ஒட்டியே நிற்கும். தெருவில் நடப்பவருக்கு உள்ளே தெரியாதபடி அளந்து எழுப்பிய சுவர் அது. கம்பத்தின் உச்சியில் இருந்த கேமரா அந்தச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. முற்றம், கொடியில் காயும் துணி, ஜன்னல் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தன. புகார்கள் குவிந்ததும் 2009 மே மாதம் கூகுள் கேமராவை 40 செ.மீ. இறக்குவதாகவும், எடுத்த படங்களை மறுபடி எடுப்பதாகவும் அறிவித்தது. சுவிட்சர்லாந்தில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வேலிக்கும் சுவருக்கும் மேலே கேமரா எட்டக் கூடாது என்று 2012-ல் தீர்ப்பானது. இன்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் சாலை வழக்கத்தைவிடத் தாழ்வாகத் தெரிகிறதே என்று கண்டுகொண்டு ஜப்பானையும் சுவிட்சர்லாந்தையும் ஊகிக்கிறார்கள். கென்யாவில் குழாய் செய்யும் வேலையை இங்கே அந்த 40 செ.மீ. செய்கிறது.

இந்தியாவில் சட்டம் விட்ட தடயம் நெடுங்காலம் வெற்றிடமாகத்தான் இருந்தது. 2011 மே மாதம் பெங்களூரில் கார்கள் ஓடத் தொடங்கின. ஜூனில் காவல் துறை நிறுத்தச் சொன்னது. 2016-ல் மத்திய அரசும் பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தது. அந்த ஆண்டுகளில் வரைபடத்தில் படம் உள்ள சாலைகளைக் காட்டும் நீலக்கோடுகள் பூடானிலும் வங்கதேசத்திலும் இலங்கையிலும் பரவின. இந்தியாவில் சில துணுக்குகள் மட்டும். 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டு நெறிகள், தெருமட்டப் படப்பிடிப்பை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் திறந்துவிட்டன. வெளிநாட்டு நிறுவனம் அவற்றிடம் உரிமம் வாங்கிக்கொள்ளலாம். அப்படித்தான் 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட 10 நகரங்கள் திரைக்கு வந்தன. படம் எடுத்துக் கொடுத்தவை ஜெனிசிஸ் இன்டர்நேஷனலும் டெக் மஹிந்திராவும்.

ஜெர்மனி இந்த வாரத்துக்குள் அடங்கவில்லை. 2010 நவம்பரில் அங்கே 20 நகரங்கள் வெளியாகும் முன்பே 2,44,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தன. அந்த வீடுகளும், அவற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும் அடுத்த வாரம்.

(தொடரும்)